தனியாக நிற்காத வாக்கியம்

காலை பத்து ஐந்துக்கு, பதினான்கு பேர் உட்கார்ந்திருந்த அறையில், பவுலின் மேரியைத்தான் ஜமீல் சார் முதலில் எழுப்பினார். வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு ஆங்கில வாக்கியம் இருந்தது. வாட் ஷீ செட் வாஸ் ட்ரூ. அவள் சொன்னது உண்மை. "சிஸ்டர், இதுல நவுன் க்ளாஸ் எது?" என்று அவர் மார்க்கர் பேனாவால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். பவுலின் எழுந்தாள். எழுந்த பிறகுதான், உட்கார்ந்தே பதில் சொல்லியிருக்கலாம், இங்கே யாரும் எழுவதில்லை என்று நினைவு வந்தது. முப்பத்து நான்கு வயதில் பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு பாதி நின்றாள். பலகையில் ஐந்து சொற்கள். ஐந்தும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் கேட்டால் ஐந்துக்கும் அர்த்தம் சொல்லிவிடுவாள். "ஷீ செட்," என்றாள். பின்வரிசையில் கனடாவுக்குப் போகப் போகிற பையன்கள் செருமினார்கள். "ஷீ செட்-ட மட்டும் தூக்கிட்டுப் போயிட்டீங்கன்னா, வாட் அநாதையா நிக்குமே சிஸ்டர்," என்றார் ஜமீல் சார். அவருக்கு அவளைவிட நான்கைந்து வயது குறைவு. கோபப்படத் தெரியாத மனிதர், அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "வாட் ஷீ செட், மூணும் சேர்ந்துதான் ஒரு ஆளு. உள்ளுக்குள்ள அது ஒரு குட்டி வாக்கியம். ஷீ இருக்கு, செட் இருக்கு. ஆனா வெளிய பார்த்தா ஒரு பேர்ச்சொல் மாதிரி அடக்கமா உக்காந்திருக்கு. சாம்பார் வடை மாதிரி. வடை தனி ஐட்டம்தான், ஆனா இப்ப சாம்பாருக்குள்ள கெடக்கு." எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த சிந்துஜா, இருபத்து மூன்று வயசு, மூன்றாம் மாடி ஐசியூவில் பவுலினோடு வேலை பார்க்கிறவள், "அக்கா உக்காருங்க, அவரே சொல்லிட்டாரு," என்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். பவுலின் உட்கார்ந்தாள். சாம்பார் வடை புரிந்தது. வாக்கியம் புரியவில்லை. உள்ளே இருக்கிறது முழுசு என்றால், அது ஏன் வெளியே வந்தால் அரைகுறையாகிவிடுகிறது? உள்ளே ஷீ இருக்கிறாள், செட் இருக்கிறது. ஒரு பெண் இருக்கிறாள், சொல்லிவிட்டாள். இன்னும் என்ன வேண்டுமாம் இந்த இங்கிலீஷுக்கு?

பையில் போன் அதிர்ந்தது. பார்க்க வேண்டியதில்லை. ஏட்டு பரமன்தான். நேற்றே சொல்லியிருந்தார்: "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிருங்க சிஸ்டர், பி.பி. கிட்ட நான் சொல்லணும்." பி.பி. என்றால் அரசு வக்கீல். ஆஸ்பத்திரியில் பி.பி. என்றால் ரத்த அழுத்தம். நேற்று போனில் அவர் "பி.பி. கேக்குறாரு" என்றபோது யாருக்கு ஏறியிருக்கிறது என்றுதான் அவள் மனசு முதலில் ஓடியது. போன வாரம் அவரே திருச்சிக்கு வந்து, ஆஸ்பத்திரி வரவேற்பறையில், டோக்கனுக்குக் காத்திருந்த அத்தனை பேர் பார்க்க, சம்மனைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணி. இரண்டு மாவட்டம் தள்ளி, அவள் முன்பு ஒப்பந்த நர்ஸாக இருந்த ஊரில். கையெழுத்துப் போட்ட பிறகு தண்ணீர் கேட்டார், குடித்தார், குரலை இறக்கினார். "தோதில்லன்னா சொல்லுங்க சிஸ்டர், தப்பில்ல. வெளியூர்ல வேல, லீவு கெடைக்கலன்னா வாய்தா போட்டுருவாங்க. ரெண்டு வாய்தா வரலன்னா, சாட்சி வேண்டாம்னு விட்டுட்டு முடிச்சுருவாங்க. பொண்ணோட அப்பாவே கூண்டுல ஏறி, எம்மருமகன் தங்கமான பையன்னுட்டாரு. சித்தப்பனும் புரண்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் மிச்சம்." மிச்சம் என்று அவர் சொன்ன விதம், பந்தியில் ஒரே ஒரு அப்பளம் மிச்சம் என்பது போல இருந்தது. பதினெட்டாம் தேதி. அதே பதினெட்டாம் தேதி, அதே காலையில், சென்னையில் அவளுக்கு ஆங்கிலத் தேர்வு. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற நர்ஸுகள் எழுதுகிற தேர்வு. கேட்பதிலும் படிப்பதிலும் பேசுவதிலும் தேறிவிட்டாள். எழுதுவதில் இரண்டு முறை போய்விட்டது. இது மூன்றாவது. அயர்லாந்து ஏஜென்சிக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார், ஜூலையில் எழுதாவிட்டால் இந்த பேட்ச் இல்லை, அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. அடுத்தது எப்போது என்று தெரியாது. இதுவும் அதுதானா? 'எப்போது என்று' என்பது ஒரு வடையா? போன் அடங்கியது. கீழே மெஸ்ஸில் யாரோ, "கட்டு இங்க போடுப்பா, ஈரம் சொட்டுது பாரு," என்று கத்தினார்கள்.

கீழே மெஸ் என்பதுதான் இந்த வகுப்பில் அவளுக்குப் பிடிக்காத ஒன்று. சிந்துஜாவுக்கு அதுதான் பிடித்த ஒன்று, பன்னிரண்டு மணிக்கு நேராக இறங்கிச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம். பத்தரை வாக்கில் வாழை இலைக் கட்டுகள் வந்து இறங்கும். சரக்கென்று அரிவாள் விழும் சத்தம், பிறகு பச்சை இலையின் துவர்த்த வாசனை ஜன்னல் வழியாக ஏறி வரும். மற்றவர்களுக்கு அது சாப்பாட்டு வாசனை. அவளுக்கு அது படுக்கை. தீக்காய வார்டில் துணி விரிக்க மாட்டார்கள், ஒட்டிக்கொள்ளும். இளம் வாழை இலையைக் கழுவி, நடு நரம்பைச் சீவி, பளபளப்பான பக்கம் மேலே வரும்படி விரித்துப் படுக்க வைப்பார்கள். மேலே துணி படாமலிருக்கக் கம்பிக் கூண்டு, கூண்டின் மேல் கொசுவலை. அந்த வார்டுக்கு வந்த பெண்களில் பாதிப் பேருக்கு ஸ்டவ்தான் வெடித்திருக்கும். ஊரெல்லாம் காஸ் சிலிண்டர் வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த ஒரு வார்டில் மட்டும் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடிப்பது நிற்கவே இல்லை. அஞ்சுகத்துக்கும் அதுதான் வெடித்தது என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். அஞ்சுகத்துக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி மூன்று வருஷம், முகம் தப்பியிருந்தது. முகம் தப்பிவிட்டதால் ஊர்க்காரர்கள் பிழைத்துவிடுவாள் என்றே நம்பினார்கள். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். முகத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்று நர்ஸுக்குத்தான் தெரியும். கணக்குப் போடக் கூடாது என்று. மறுபடியும். இந்த 'என்று' எங்கே போனாலும் காலில் முள்ளாகத் தைக்கிறது. இத்தனை வருஷம் தமிழில் பேசும்போது இது இருந்ததே தெரியவில்லை, மூச்சு மாதிரி இருந்தது. இந்த ஆள் வந்து வட்டம் போட்டுக் காட்டியதிலிருந்து ஒரு வாக்கியம் நிம்மதியாக நினைக்க முடியவில்லை.

"இன்னொரு விஷயம்," என்றார் ஜமீல் சார். "வாட் ஷீ செட், அப்படின்னு மட்டும் சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு பஸ் ஏறிட்டீங்கன்னு வைங்க. கேட்டவன் பஸ்ஸுக்குப் பின்னாடியே ஓடி வருவான். 'ஏங்க, அவ சொன்னது என்னாச்சு? அவ சொன்னது என்னாச்சு?' சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேருந்து பாலக்கரை வரைக்கும் ஓடி வருவான். ஏன்னா அது தனியா நிக்காது. அதுக்கு ஒரு மெயின் வெர்ப் வேணும். தாங்கிப் பிடிக்க ஒரு ஆளு." பையன்களில் ஒருவன், "சார், சத்திரத்துலேருந்து பாலக்கரைக்கு அந்த டிராஃபிக்ல பஸ்ஸ விட அவன்தான் முன்னாடி போவான்," என்றான். சிரிப்பு. பவுலினும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக. தனியாக நிற்காது. நான்கு வருஷமாக அவளுக்குப் பின்னால் ஓடி வருகிறது. அஞ்சுகம் சொன்னது என்னாச்சு. இரண்டே சொல். ஸ்டவ் இல்லக்கா. அக்காவை எடுத்துவிட்டால் ஸ்டவ் இல்ல. அதற்கு முதல் நாள் மத்தியானம் மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்கியாகிவிட்டது, முறைப்படி, டாக்டர் பக்கத்தில் நின்று, நினைவோடுதான் இருக்கிறாள் என்று சொன்ன பிறகு. "சொந்தக்காரங்க எல்லாரும் வெளிய போங்க," என்றார் மாஜிஸ்திரேட். புருஷன் போனான், அப்பா போனார், சித்தப்பா போனார். மாமியார் போகவில்லை. அவள் கையில் ரோஸ் நிற அட்டை இருந்தது. ஒரு படுக்கைக்கு ஒரு பெண் துணை, துணைக்கு ஒரு அட்டை, அது அந்த வார்டு நடைமுறை. ரவுண்ட்ஸ் வரும்போது எல்லாரையும் துரத்துவார்கள், அட்டைக்காரியைத் துரத்த மாட்டார்கள். டிரஸ்ஸிங் நேரத்திலும் அவள் நிற்பாள், இளநீரில் குழலைப் போட்டு வாயில் பிடிப்பாள், விசிறுவாள். நாளாக ஆக அட்டைக்காரி சொந்தம் என்பதே யாருக்கும் தோன்றாது. அவள் துணை. கட்டிலின் ஐந்தாவது கால். ஆகவே மாஜிஸ்திரேட் சொந்தக்காரர்கள் வெளியே போங்கள் என்றபோது டாக்டருக்கும் தோன்றவில்லை, வார்டு சிஸ்டருக்கும் தோன்றவில்லை, கதவருகே டிரேயோடு நின்ற பவுலினுக்கும் தோன்றவில்லை, அந்த மாமியாருக்கே தோன்றவில்லை போல, அவள் பாட்டுக்கு இளநீரோடு தலைமாட்டில் நின்றாள். ஆயா என்று மாஜிஸ்திரேட் நினைத்திருப்பார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். ஸ்டவ் வெடிச்சிருச்சு என்றாள் அஞ்சுகம். மாமியார் ஒரு வாய் இளநீர் கொடுத்தாள். முடிந்தது.

சிந்துஜா அவள் நோட்டில் ஒரு மீன் வரைந்து, அதன் வயிற்றுக்குள் இன்னொரு மீன் வரைந்து, "நவுன் க்ளாஸ்க்கா" என்று எழுதினாள். நல்ல பெண். அவளுக்கு இது எல்லாம் ஒரு தடவை சொன்னால் போதும், இங்கிலீஷ் மீடியம். பவுலின் மணப்பாறைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, இந்தப் பாடம் வருகிற நேரத்தில் இங்கிலீஷ் டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டார். பதிலுக்கு வந்த பி.டி. சார் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப் போனார். டீச்சர் திரும்பி வந்தபோது குழந்தை குப்புற விழுந்துவிட்டது, ஒன்பதாம் வகுப்பு பத்தாம் வகுப்பு ஆகிவிட்டது, நவுன் க்ளாஸ் நடுவில் எங்கோ விழுந்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு இப்போது இருபது வயது இருக்கும். அதுவும் எங்காவது ஒரு மாடியில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். பவுலினுக்கு அழுகை மாதிரி ஒரு எரிச்சல் வந்தது. ஒரு மனுஷிக்கு வென்டிலேட்டர் ஓட்டத் தெரிந்தால் போதாதா? நரம்பு கிடைக்காத கிழவருக்கு ஒரே குத்தில் ஊசி ஏற்றத் தெரிந்தால் போதாதா? தேர்வில் கேட்பதும் அதிசயமான ஒன்றல்ல, ஒரு நோயாளியைப் பற்றி இன்னொரு டாக்டருக்கு ஒரு கடிதம். நோயாளி சொன்னது என்ன, எப்போதிலிருந்து வலி என்று சொன்னார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியவில்லை. அவ்வளவுதான். இரண்டு தடவையும் அவள் அங்கேதான் வழுக்கினாள். தமிழில் கடைசியில் வருகிற 'என்று', இங்கிலீஷில் முன்னாடி போய் 'தட்' என்று நிற்கிறது, ஆள் வருவதற்கு முன்பே வாசலில் அவன் நாய் வந்து நிற்கிற மாதிரி. அவள் நாயை விட்டுவிடுவாள், அல்லது இரண்டு நாய் போட்டுவிடுவாள்.

கோட்டாட்சியர் விசாரணையிலும் அப்படித்தான் வழுக்கியது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் செத்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும். வார்டில் டூட்டி பார்த்த எல்லாரையும் வரிசையாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியும் உள்ளே போய் ஒன்றும் தெரியாது சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கையைக் கழுவின மாதிரி உதறிக்கொண்டு போனாள். பவுலினும் அதைச் சொல்லத்தான் போனாள். அவர் நேராகப் பார்த்து, "உங்ககிட்ட அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லிச்சா?" என்றார். வாய் தானாக, "ஸ்டவ் இல்லன்னு சொல்லிச்சு சார்," என்றது. அவர் பேனாவை மூடி வைத்தார். "ஸ்டவ் இல்லன்னா? வேற என்னன்னு சொல்லிச்சா?" "சொல்லல சார்." "யார் பண்ணாங்கன்னு சொல்லிச்சா?" "இல்ல சார்." "யாரும் பண்ணலன்னு சொல்லிச்சா?" "அப்படியும் சொல்லல சார்." "தானே பண்ணிக்கிட்டேன்னு?" "இல்ல சார்." "பின்ன என்னதாம்மா சொல்லிச்சு?" "ஸ்டவ் இல்லன்னு சார்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். கோபமில்லை, களைப்பு. பாதியில் கரண்ட் போன மாதிரி ஒரு முகம். பவுலினுக்கு அன்றைக்கு அவர் மேல் பரிதாபமாகவே இருந்தது. ஒரு பெயர் சொல்லியிருந்தால் அந்த மனிதர் வேலை முடிந்திருக்கும். பிறகு ஒவ்வொரு முறையும் இதே. போலீஸ் கேட்டது, வார்டு சிஸ்டர் கேட்டார், வீட்டில் புருஷன் பெஸ்கி கேட்டான். சொல்லச் சொல்ல நாக்கு தானாக அதை முடித்து வைக்கப் பார்க்கிறது. ஸ்டவ் இல்லக்கா, எங்கத்தைதான். ஸ்டவ் இல்லக்கா, அவருதான். ஸ்டவ் இல்லக்கா, நானேதான். மூன்றும் பொருந்துகிறது. மூன்றையும் அஞ்சுகத்தின் குரலிலேயே கேட்க முடிகிறது, அதுதான் பயம். கூண்டில் ஏறி நின்று, அந்தக் கறுப்பு அங்கிக்காரர் துருவித் துருவிக் கேட்கும்போது, இந்த மூன்றில் ஒன்று வாயிலிருந்து விழுந்துவிட்டால்? பொய் என்று தெரியாமலே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால்? ஒரு கிழவி ஆயுசுக்கும் உள்ளே போய்விட்டால்? அல்லது, ஒன்றும் விழாமல் இரண்டே சொல்லோடு நின்றால், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று ஜட்ஜே கேட்டுவிட்டால்?

உண்மையில் அன்று நடந்தது ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இல்லை. மத்தியானம். மாமியார் சாப்பிடப் போயிருந்தாள். பவுலின் இலை மாற்றிக்கொண்டிருந்தாள். பழைய இலையை உருவும்போது வலிக்கும், அந்த நேரம் ஏதாவது பேச்சுக் கொடுப்பது வழக்கம், எந்த ஊரு, என்ன படிச்ச, அந்த மாதிரி. பவுலின் அன்றைக்கு வாழை இலையில் என்ன வைத்துச் சாப்பிடப் பிடிக்கும் என்று கேட்டுவிட்டாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அஞ்சுகம் கூரையைப் பார்த்தபடி, "அக்கா," என்றாள். "சொல்லும்மா." "ஸ்டவ் இல்லக்கா." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். கடையில், அந்தக் கலர் இல்லக்கா, வேற காட்டுங்க என்கிற மாதிரி. பவுலின் இலையைப் பிடித்தபடி நின்றாள். வேற காட்டவில்லை. கதவு திறந்தது, ரோஸ் அட்டை வந்துவிட்டது, ஏப்பம் விட்டுக்கொண்டு, "கண்ணசந்தாளாம்மா?" என்று கேட்டுக்கொண்டு. மறுநாள் விடிவதற்குள் கட்டில் காலி. அந்த இலையை யார் உருவினார்கள் என்று பவுலினுக்குத் தெரியாது. யார் உருவினார்கள் என்று.

"தட் வரக்கூடிய வெர்ப் கொஞ்சம் எழுதிக்குங்க," என்றார் ஜமீல் சார். ஸே. நோ. திங்க். பிலீவ். ஹோப். டினை. மார்க்கர் காய்ந்துவிட்டது, டினை பாதிக்கு மேல் தெரியவில்லை, அவர் அதையே திரும்பத் திரும்ப அழுத்தி எழுதினார். "டினைன்னா மறுக்கறது. ஐ டினை தட் ஐ வாஸ் ஆப்சென்ட். நான் வரலன்னு சொல்றத மறுக்கறேன். இப்ப கவனிங்க, உள்ள இருக்கற வாக்கியத்த மட்டும் படிச்சா, ஐ வாஸ் ஆப்சென்ட். நான் வரல. அவனே ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கு. ஆனா வெளிய டினை நிக்குது. மொத்தத்தையும் தூக்கி அந்தப் பக்கம் போட்டுருச்சு." பவுலின் பேனாவைக் கீழே வைத்தாள். இதைப் பார்த்திருக்கிறாள். எங்கே? பலகையில் இல்லை, தட்டச்சில். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், ஒரு லாரி விபத்து வழக்கில், அதே மாவட்டத்தில் கோர்ட்டுக்குப் போனாள். எதிர்த்தரப்பு வக்கீல், "நீங்க அன்னைக்கு டூட்டியிலேயே இல்ல, சும்மா வந்து சொல்றீங்க, சரியா?" என்றார். "இல்ல சார், இருந்தேன்," என்றாள் இவள். ஜட்ஜ் தட்டச்சரிடம் ஏதோ முணுமுணுத்தார். கடைசியில் கையெழுத்துக்கு நீட்டிய காகிதத்தில், இவளே தன் வாயால் சொன்னது போல எழுதியிருந்தது: நான் சம்பவத்தன்று பணியில் இல்லை என்றால் சரியல்ல. வரிசையாக, நான் பொய்யாகச் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல. நான் பணம் பெற்றுக்கொண்டு வந்துள்ளேன் என்றால் சரியல்ல. பவுலின் கையெழுத்துப் போடாமல் பேனாவோடு நின்றாள். "நான் இப்படில்லாம் சொல்லவே இல்லையே மேடம்." தட்டச்சர் அம்மா பின்னலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரித்தார். "நீங்க சொல்லலம்மா. அவர் சொன்னாரு, நீங்க மறுத்தீங்க. கோர்ட்டு பாஷையில அப்படித்தான் வரும். அவர் என்ன குப்பையக் கொட்டினாலும் கொட்டட்டும், கடைசி ரெண்டு வார்த்தைதான் உங்களுது. அத மட்டும் விட்டுராதீங்க." வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. தன் வாயில் அடுத்தவன் வாக்கியங்களைத் திணித்து அனுப்பிவிட்டது போல. பெஸ்கியிடம் சொன்னபோது அவன் தட்டிலிருந்து நிமிராமலே, "கையெழுத்துப் போட்டுட்டியா, விடு," என்றான்.

பெஸ்கியிடம் இந்தச் சம்மனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வான் என்று தெரியும். 'தெரியும்' என்பதை எடுத்துவிட்டால், 'என்ன சொல்வான் என்று'. அது மட்டும் அறை நடுவில் மொட்டையாக நிற்கிறது, கையில் அவன் பெயின்ட் கடைச் சாவியோடு. "ஏன் பவுலி, ரெண்டு தடவ போச்சு. மூணாவதுக்கு கோர்ட்டா? செத்துப்போன பொண்ணோட அப்பனே ராசியாயிட்டான், உனக்கு என்ன? அவ உனக்குச் சித்தப்பன் மவளா?" நியாயம்தான். கத்த மாட்டான், அதுவும் நியாயம். பிறகு மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொள்வான், பேச்சில்லாமல், அதுதான் அவன் மெயின் வெர்ப். ஏட்டும் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. போகாமல் இருப்பதில் பொய் இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும், பரீட்சைக்குப் போவது களவு இல்லை. யாரும் அவளைப் பிறழ் சாட்சி என்று சொல்ல முடியாது. பிறழ்வதற்கு முதலில் கூண்டில் ஏற வேண்டும். அப்பா ஏறிப் புரண்டார், சித்தப்பா ஏறிப் புரண்டார். இவள் ஏறவே வேண்டாம். வாக்கியம் தொடங்கினால்தானே முடிக்க வேண்டிய கவலை. போகாவிட்டால் அஞ்சுகம் சொன்னது என்று வழக்கில் மிஞ்சுவது மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டு போனது மட்டும்தான். ஸ்டவ் வெடிச்சிருச்சு. எழுவாய், பயனிலை, எல்லாம் சரியாக இருக்கிறது. முழு வாக்கியம். தாங்கிப் பிடிக்க யாரும் வேண்டாம், இளநீர் டம்ளரோடு தானே நின்றுகொள்ளும். போன் மறுபடி அதிர்ந்தது. சிந்துஜா பையைப் பார்த்தாள். "யாருக்கா, மாமாவா? எடுங்க, சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு." "இல்ல, லோன்காரன்," என்றாள் பவுலின். பொய் எவ்வளவு எளிதாக முழுசாக வருகிறது.

"சிஸ்டர், இன்னொரு சான்ஸ்," என்றார் ஜமீல் சார். வகுப்பு முடியப் போகிற நேரம். பையன்கள் பையை மூட ஆரம்பித்திருந்தார்கள். "நீங்களே ஒரு வாக்கியம் சொல்லுங்க. வாட் ஷீ செட்-ல ஆரம்பிங்க. ஆஸ்பத்திரி விஷயமாவே இருக்கட்டும்." இந்த முறை அவள் எழவில்லை. "வாட் ஷீ செட்," என்றாள். வாட் ஷீ செட். மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்து சுற்றியது. கீழே அரிவாள் நின்றிருந்தது; இலை கழுவுகிற தண்ணீர்ச் சத்தம். "ம், வாட் ஷீ செட்..." என்று அவர் கையை நீட்டினார், மாடிப்படி ஏறுகிறவளுக்குக் கை கொடுப்பது போல. வாட் ஷீ செட் வாஸ் ட்ரூவா? உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. அவள் அந்த வீட்டுச் சமையலறையில் இல்லை. வாட் ஷீ செட் வாஸ் நாட் கம்ப்ளீட். வாட் ஷீ செட் வாஸ் டூ வேர்ட்ஸ். இலையின் துவர்ப்பு வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்தது. அந்தப் பெண் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவள் முடிக்க மறந்து போகவில்லை. கதவு திறந்தது. முடிக்க வேண்டியதை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போகவும் இல்லை. சொன்னதை மட்டும்தான் கொடுத்தாள். அதற்கு வேண்டியது, சொன்னாள் என்று சொல்ல ஒரு ஆள். கோட்டாட்சியருக்கு அது போதவில்லை, போலீஸுக்குப் போதவில்லை, இவளுக்கே நான்கு வருஷமாகப் போதவில்லை, எல்லாரும் அதன் பின்னால் ஏதாவது ஒன்றை ஒட்டப் பார்த்தார்கள். ஒட்ட வேண்டாம். "வெர்ப் எங்க சிஸ்டர்? வெர்ப்?" "தெரியல சார்," என்றாள் பவுலின். கன்னம் சுட்டது. பதினான்கு பேரும் கேட்டார்கள். "பரவால்ல, பரவால்ல. ஆனா சிஸ்டர், உங்க தேதி கிட்ட வந்துருச்சு. இத விட்டா ரைட்டிங்ல மறுபடி அடி வாங்குவீங்க. நாளைக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வாங்க, உக்காந்து பார்ப்போம்." அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். அவளுக்கு மார்க்கரைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீச வேண்டும் போல இருந்தது.

படியில் சிந்துஜா முன்னால் இறங்கினாள். "அக்கா, சாப்பிட்டுப் போலாம்க்கா, இன்னைக்கு வத்தக்குழம்பு." வாசலில் கழுவிய இலைகள் கூடையில் அடுக்கி, நுனி எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தன. "நீ போ. எனக்குத் தட்டுல வைக்கச் சொல்லு." "தட்டுலயா? இலை போட்டுத்தான்க்கா தருவாங்க, அதுக்குத்தானே கூட்டமே." "தட்டுல வைக்கச் சொல்லு சிந்து," என்றாள் பவுலின், கொஞ்சம் சத்தமாக, கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்கும்படி. போன் எடுத்தாள். ஏட்டு முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் யாரோ ஒருவர் பெயரை மூன்று முறை கூவுவது கேட்டது, கோர்ட் வராண்டா. "என்ன சிஸ்டர், வெளியூருன்னு சொல்லிரட்டுமா? பி.பி. இங்கதான் நிக்கிறாரு." அவள் நாக்கில் லீவு கிடைக்கவில்லை என்பது முழு வாக்கியமாகத் தயாராக இருந்தது. கூடையிலிருந்து ஒரு இலை வழுக்கித் தரையில் விழுந்தது; மெஸ் ஆள் அதை எடுத்து மறுபடி கழுவினான். "வர்றேன்னு சொல்லுங்க," என்றாள் பவுலின். "என்னது?" "பவுலின் மேரி வர்றாங்கன்னு சொல்லுங்க சார்." "சரிங்க சிஸ்டர்," என்றார் ஏட்டு. "பத்தரைக்கெல்லாம் வந்துருங்க. ஆதார் எடுத்துக்குங்க."

2018 ஜூலை 18, புதன்கிழமை, மாவட்ட மகளிர் நீதிமன்றத்தில் அஞ்சுகம் மரண வழக்கில் அரசுத் தரப்பின் ஏழாவது சாட்சியாகப் பவுலின் மேரி விசாரிக்கப்பட்டார். குறுக்கு விசாரணை மதிய உணவு வேளை வரை நடந்தது. அதில் பதிவான கடைசி வரி: "அஞ்சுகம் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்றால் சரியல்ல."